பல்லா மாத்திரையா என்று கேட்டார்கள்

1. டிஷ்யூவில் வந்த பல்

மகேஸ்வரி முதல் தடவை என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது அவள் கையில் சுருட்டிய டிஷ்யூ இருந்தது. பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு கடைவாய்ப்பல்லின் பாதி. சொத்தை இல்லை, கறுப்பு இல்லை. நல்ல பல். விறகு பிளந்த மாதிரி நெடுக்கே பிளந்திருந்தது.

"எதக் கடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னும் கடிக்கல டாக்டர். காலையில எந்திரிச்சேன். வாயில கல்லு மாதிரி என்னமோ உருண்டுச்சு. துப்பிப் பாத்தா இது."

அரசாங்கப் பல் கிளினிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் சேர்ந்திருந்தேன். கிளினிக் டாக்டர் ஞானசேகரம் என்பவருடையது. என்னைவிட மூத்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வேலையில் கச்சிதமானவர். அந்த வாரம் அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் அவரைப் பார்க்க வந்த மகேஸ்வரி என்னிடம் வந்தாள்.

வாயைத் திறக்கச் சொன்னேன். முழுசாகத் திறக்க முடியவில்லை, தாடை வலித்தது. முன்பற்கள் அரம் வைத்துத் தேய்த்தது போல ஒரே மட்டமாக இருந்தன. கடைவாய்ப்பற்களின் மேடுகள் காணோம். இன்னும் இரண்டு பற்களில் மெல்லிய விரிசல். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம். கன்னத்தில் விரல் வைத்துக் கடிக்கச் சொன்னபோது மெல்லும் தசை எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு வந்தது. வயது முப்பத்து நாலு. பல்லைப் பார்த்தால் எழுபது சொல்லலாம்.

"ராத்திரி தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? நான் தூங்கிட்டில்ல இருப்பேன்."

நியாயமான பதில். இந்தக் கேள்வியை நோயாளியிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. பக்கத்தில் படுக்கிறவரையும் கேட்க வேண்டும்.

2. கைப்பேசியில் இருந்த சத்தம்

கணவன் குமார் வெளியே உட்கார்ந்திருந்தான். லோரி டிரைவர். சுங்கை சிப்புட்காரன், லகாட் பக்கம் குவாரியிலிருந்து கல் ஏற்றுகிறவன். அதே குவாரியில்தான் மகேஸ்வரிக்கும் வேலை. ஏற்றிய லோரிகளைத் தராசு மேடையில் நிறுத்தி எடை பார்த்து அனுப்பும் வேலை.

உள்ளே கூப்பிட்டேன். நான் கேட்டு முடிக்குமுன் கைப்பேசியை நீட்டினான். "யாரும் நம்ப மாட்டேங்கறாங்கன்னு ரெக்காட் பண்ணி வெச்சேன் டாக்டர்."

அழுத்தினான். சிமெண்டுத் தரையில் இரும்பு நாற்காலியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் இழுத்தது. எத்தனையோ பேர் வாயைப் பார்த்தவள் நான், எனக்கே உடம்பு கூசியது.

மகேஸ்வரி அதுவரை அதைக் கேட்டதில்லை. "இது நானா?" என்றாள்.

"நீதான். தினமும் இப்படித்தான் டாக்டர். நான் விடியக்காலம் லோரி எடுக்கணும், தூக்கமே இல்ல. வயித்துல பூச்சின்னு அம்மா சொன்னாங்க. பூச்சி மாத்திரை குடுத்தோம். அப்பறம் மந்திரிச்சு கயிறு கட்டுனோம்." மகேஸ்வரியின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது.

பூச்சியும் இல்லை, காத்துக் கறுப்பும் இல்லை என்று அவனிடம் சொன்னேன். வன்மம் பிடித்தவர்கள்தான் பல்லைக் கடிப்பார்கள் என்று சொல்வதும் பொய். நாம் தூங்கும்போது மூளை அடிக்கடி அரை விழிப்புக்கு வந்துவிட்டுத் திரும்ப ஆழத்துக்குப் போகும். அந்த நேரத்தில் சிலருக்குத் தாடைத் தசை தானாக இறுகி இழுக்கும். விழித்திருக்கும்போது வலி தெரிந்து நாம் நிறுத்திக்கொள்வோம். தூக்கத்தில் அந்தக் காவல் இல்லை. சாப்பாட்டை மெல்லும்போது போடாத பலத்தைத் தாடை அப்போது போடும். நல்ல பல்லும் பிளக்கும். இதில் அவள் வேண்டுமென்று செய்வது எதுவும் இல்லை.

"இவதான் கோவக்காரின்னு அம்மா சொன்னாங்க," என்றான் குமார்.

"கோவமும் இருக்கு," என்றாள் மகேஸ்வரி.

3. விட்டமின்

இதற்கு ஒரே காரணம் என்று கிடையாது. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழிக்க வேண்டும். குறட்டை விடுகிறாளா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று குமாரிடம் கேட்டேன். இல்லை என்றான். மூச்சு அடைபட்டுப் பல் கடிக்கிறவர்கள் உண்டு, அவர்களைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சிகரெட், மது இல்லை. கோப்பி நிறைய. பகலிலும் பல்லை இறுக்குகிறாளா என்றேன். எடை மேடையில் லோரி ஏறும்போதெல்லாம் பல் சேர்ந்துவிடுகிறது என்று அவளே யோசித்துச் சொன்னாள்.

"வேற ஏதாச்சும் மருந்து எடுக்கறீங்களா?"

"விட்டமின் மட்டுந்தான் டாக்டர்," என்று குமார் சட்டென்று சொன்னான்.

மகேஸ்வரி சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "விட்டமின் இல்ல டாக்டர். மனச்சோர்வுக்கு ஆஸ்பத்திரியில குடுக்கற மாத்திரை."

"மகேஸ், வேணாம்லா."

"டாக்டர்கிட்ட சொல்லாம வேற எங்க சொல்றது? பொய் சொல்லியா வைத்தியம் பாப்பாங்க?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரெண்டாவது பிள்ள பொறந்த பொறவு எனக்கு எதுவுமே பிடிக்கல டாக்டர். குளிக்கப் பிடிக்கல, பிள்ளயத் தூக்கப் பிடிக்கல. ஒரு நாளு வேல முடிஞ்சு வீட்டுக்குப் போகாம ஈயம் தோண்டி விட்டுட்டுப் போன பழைய குட்டை பக்கம் காரை நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தேன். எதுக்குப் போனேன்னு சொல்ல வேணாம்ல?"

"வேணாம்மா."

"கூட வேல செய்யிற மலாய் அக்கா போன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கடைசியா எடுத்தேன். அவங்க வந்து நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இந்த மாத்திரை ஆரம்பிச்ச பொறவுதான் நான் திரும்ப என் மகளுக்குத் தலை சீவி விடுறேன்."

குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாத்திரையின் அளவைக் கூட்டிய சில வாரங்களில்தான் பல் சத்தம் பலமானது என்று கேட்டபோது தெரிந்தது. அந்த வகை மாத்திரை சிலருக்குப் பல் கடிப்பதைக் கொண்டுவரும், அல்லது இருப்பதைக் கூட்டும். இவளுக்கு அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட இடம் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சொன்னேன்: "மாத்திரைய நிப்பாட்டாதீங்க. ஒரு வேளை கூட விடாதீங்க. அடுத்த தடவ மனநல டாக்டரப் பாக்கறப்ப பல் விஷயத்தச் சொல்லுங்க. அளவக் குறைக்கணுமா, வேற மாத்தணுமான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க."

பிளந்த பல்லில் விரிசல் ஈறுக்குக் கீழே வேர்வரை போயிருந்தது. காப்பாற்ற வழியில்லை. அன்றே எடுத்தேன். புண் ஆறியதும் வந்து, ராத்திரி பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டுக்கு அச்சுக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

4. "பெரிய டாக்டரே சொன்னாரு"

அடுத்து வந்தபோது மகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தலையைத் திருப்பினால் மின்சாரம் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். புண் சீழ் வைத்துவிட்டதோ என்று பயந்து முதலில் வாயைத்தான் பார்த்தேன். புண் நன்றாக ஆறியிருந்தது.

"மாத்திரை எடுக்கறீங்கல்ல?"

அவள் குமாரைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். இடையில் ஒருநாள் குமார் வலி மருந்து வாங்க கிளினிக்குக்கு வந்திருக்கிறான். டாக்டர் ஞானசேகரம் திரும்பி வந்திருந்தார். எக்ஸ்ரேயையும் என் குறிப்பையும் பார்த்துவிட்டு, அந்த மாத்திரையால்தான் இது வருகிறது, நிறுத்திவிட்டால் அடங்கும், பிறகு தேய்ந்த பற்களுக்கெல்லாம் மேலே கிரவுன் என்ற உறை போட்டுவிடலாம் என்று கவுண்டரில் நின்றபடியே சொல்லியிருக்கிறார். குமார் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டைகளை எடுத்து லோரியில் வைத்துப் பூட்டிவிட்டான்.

"பெரிய டாக்டரே சொன்னாரு டாக்டர்," என்றான். "நான் கெட்டது நெனைக்கல. எங்க சொந்தக்காரங்க, லோரிக்காரங்க எல்லாரும் இவள கீலாங்கறாங்க. பைத்தியக்காரப் பொண்டாட்டின்னு என் முன்னாடியே சொல்றாங்க. மாத்திரைய விட்டா பல்லும் சரியாயிரும், அந்தப் பேச்சும் நின்னுரும்னு நெனச்சேன்."

மகேஸ்வரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"என் மாத்திரையக் குடு."

"மகேஸ், பல்லு எல்லாம்..."

"பல்லு எல்லாம் கொட்டட்டும். பொக்க வாயோட உசுரோட இருந்துக்கறேன். உன் சொந்தக்காரங்களுக்கு நான் எப்படி இருக்கணும்? வாய் நிறையப் பல்லோட படத்துல மாட்டி மாலை போடணுமா? குட்டைக்கரையில உக்காந்திருந்தது நானு. அவங்க யாரும் அங்க வரல. நீயும் வரல. இந்த மாத்திரை எனக்குப் பிடிச்சிருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா? பிடிக்கல. ஆனா அத எடுத்தாதான் நான் நானா இருக்கேன். போயி எடுத்துட்டு வா."

அவள் கத்தவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது, வெளியே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குமார் லோரி நிறுத்திய இடத்துக்குப் போனான்.

அவன் வருவதற்குள் நான் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போன் போட்டேன். இரண்டு மூன்று இடம் மாற்றிவிட்டு அவளைப் பார்க்கிற டாக்டரே பேசினார். இளம் மலாய்ப் பெண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திடீரென்று நிறுத்தியதால்தான் தலை சுற்றலும் அந்த மின்சார உணர்வும் என்றார். இன்றே பழைய அளவில் ஆரம்பிக்கச் சொன்னார், மறுநாள் காலையில் வரச் சொன்னார். பிறகு மகேஸ்வரியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, தப்பான எண்ணம் ஏதும் திரும்ப வருகிறதா என்று நேராகக் கேட்டார். "கோவம்தான் வருது டாக்டர்," என்று மகேஸ்வரி மலாயில் சொன்னது எனக்குக் கேட்டது.

குமார் மாத்திரை அட்டையோடு வந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் முன்னாலேயே விழுங்கினாள்.

அன்றைக்கு அச்சு எடுக்கவில்லை. தலை சுற்றுகிறவள் வாயில் அச்சுப் பசையை வைத்தால் வாந்திதான் வரும். அது இன்னொரு நாளைக்கு என்று அனுப்பி வைத்தேன்.

5. முதலாளியின் அறை

அவர்கள் போனதும் டாக்டர் ஞானசேகரம் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, உள்ளே வாரும்."

கதவைச் சாத்தினேன்.

"நான் சொன்னது பிழையோ? அந்த மருந்து பல்லைக் கடிக்க வைக்கும் எண்டு நீரே குறிப்பில எழுதியிருக்கிறீர்."

"காரணம் சரியா இருக்கலாம் டாக்டர். நிறுத்தச் சொன்னதுதான் தப்பு. அதக் குடுத்தது நீங்களும் இல்ல, நானும் இல்ல."

"மற்ற நோயாளிகளுக்கு முன்னால எல்லாருமாச் சேர்ந்து என்னை வெட்கப்படுத்திப் போட்டீர்கள்."

"அந்தப் பொண்ணு உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. நீங்க அவளப் பாக்கவே இல்ல டாக்டர். எக்ஸ்ரேயப் பாத்துட்டு அவ புருஷன்கிட்ட சொல்லி அனுப்பிட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. "கிரவுன் போடாட்டி மிச்சப் பல்லும் பிளக்கும். அப்ப என்ன செய்வீர்?"

"கடிக்கறது அடங்காம கிரவுன் போட்டா கிரவுனும் உடையும். அதுக்காக நல்ல பல்ல வேற ராவணும். முதல்ல நைட் கார்டு, மருந்து சரி பண்றது. அதுக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

"இது என்ட கிளினிக்."

"உங்களோடதுதான். நாளைக்கே போன்னா போறேன். ஆனா அவ சிகிச்சை முடியற வரைக்கும் என் நோயாளி. நான் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அங்க வருவா. மனநல மருந்து எதையும் மனநல டாக்டரக் கேக்காம யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது. நான் இங்க இருக்கற வரைக்கும் இதுல விட்டுக் குடுக்க மாட்டேன்."

வேலை போயிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி. அவளை நீரே பாரும்," என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

6. பிளாஸ்டிக் தேயட்டும்

மனநல டாக்டர் அவசரப்படவில்லை. மகேஸ்வரி பழையபடி நிலைக்கு வரும்வரை பொறுத்து, பிறகு மெதுவாக அளவைக் குறைத்துப் பார்த்தார். பிறகு வேறொரு மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். எல்லாம் மாதக் கணக்கில் நடந்தது.

அதற்குள் என் பக்கத்து வேலையை நான் செய்தேன். மேல்வரிசைப் பல்லுக்குக் கெட்டியான நைட் கார்டு செய்து, நீலத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே அதிகம் அழுத்துகிறதோ அங்கே ராவிச் சமப்படுத்தினேன். கடையில் விற்கும், வெந்நீரில் போட்டு மிருதுவாக்கிக் கடிக்கிற கார்டை அவள் ஏற்கெனவே வாங்கிப் பார்த்திருந்தாள். மிருதுவானதைக் கண்டால் சிலருக்குத் தாடை அதை இன்னும் மென்று கடிக்கத்தான் பார்க்கும். அவளும் அதைக் கடித்தே கிழித்திருந்தாள்.

முதல் வாரம் நான் செய்ததையும் தூக்கத்தில் துப்பிவிட்டாள். கட்டிலுக்கு அடியில் தேடி எடுக்க வேண்டியிருந்தது என்றாள். "இத வாயில வெச்சா குதிரைக்குக் கடிவாளம் போட்ட மாதிரி இருக்கு. எத்தன நாளைக்கு?"

"பழகும். ஒரே ஒரு மாசம் சண்ட போடாமப் போட்டுப் பாருங்க."

"சண்ட போட்டுக்கிட்டே போடுறேன்," என்றாள். போட்டாள்.

பகல் நேரத்துக்கு அவளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். வாய் சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பல்லோடு பல் சேர வேண்டிய வேலையே இல்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் ஆச்சரியப்படுவார்கள். எடைத் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தினாள். மாலைக்குப் பிறகு கோப்பி வேண்டாம் என்றதற்குத்தான் என்னிடம் ரொம்ப வாதாடினாள். கடைசியில் அதையும் விட்டாள்.

சில மாதம் கழித்துக் கார்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மேலெல்லாம் கீறல், ஓர் இடத்தில் பள்ளம். பற்களில் புதிய விரிசல் இல்லை. தாடை வலி போய்விட்டது, வாய் முழுசாகத் திறந்தது. குமார் கைப்பேசியைக் காட்டினான். நாற்காலி இழுக்கிற சத்தம் போய், எப்போதாவது மெல்லிய உரசல்.

"இன்னும் கடிக்கிறா டாக்டர். ஆனா பிளாஸ்டிக்கத்தான் கடிக்கிறா. நான் தூங்கிர்றேன்."

"நிக்கவே நிக்காதா?" என்று அவள் கேட்டாள்.

"நிக்கலாம், நிக்காமலும் போலாம். கார்டு பல்லத்தான் காப்பாத்தும், கடிக்கறத நிறுத்தாது. மனசு கஷ்டப்படுற நாள்ல கூடும்."

"தேயட்டும் விடுங்க. பிளாஸ்டிக்தான."

ரொம்பத் தேய்ந்த இரண்டு முன்பற்களுக்கு மட்டும் பல் நிறப் பசை வைத்துக் கட்டினேன். கிரவுன் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

கிளினிக்குக்குப் புதிதாக வேலைக்கு வருகிற இளம் டாக்டர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். தேய்ந்த பல்லைப் பார்த்தால் உடனே மெஷினை எடுக்காதீர்கள். தூக்கத்தைக் கேளுங்கள், மூச்சைக் கேளுங்கள், மருந்தைக் கேளுங்கள். நோயாளியிடமே கேளுங்கள், கூட வந்தவர் பதிலை வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். மருந்து காரணமாக இருந்தால் கொடுத்த டாக்டருக்குப் போன் போடுங்கள். பல்லைக் காப்பாற்ற ஆளை விலையாகக் கேட்கிற வைத்தியத்துக்கு, அது யார் வாயிலிருந்து வந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள். உங்கள் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

7. காத்திருக்கும் இடத்தில்

மகேஸ்வரி போன மாதம் வழக்கமான பரிசோதனைக்கு வந்தாள். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க டாக்டர், ஒளிக்க என்ன இருக்கு?" என்றாள்.

அன்று கூட்டம். நான் உள்ளே வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திறந்திருந்த கதவு வழியாக அவர்கள் தெரிந்தார்கள், பேச்சும் கேட்டது. தாப்பாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, மகேஸ்வரி மடியில் இருந்த நீல டப்பாவைக் காட்டி என்ன அது என்று கேட்டார். மகேஸ்வரி திறந்து நைட் கார்டைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

"ராத்திரி பல்லக் கடிப்பேன் அக்கா. அதுக்கு இது. மனச்சோர்வு இருக்கு, அதுக்கு மாத்திரை எடுக்கறேன். ரெண்டும் இருந்தாதான் எனக்கு ஓடும்."

சாதாரணமாக, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள். அங்கே இருந்தவர்களில் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். குமார் எழுந்து அந்த ஆள் முன்னால் போய் நின்று, "என்னண்ணே, எங்கிட்டச் சொல்லுங்க, நானும் கேக்கறேன்," என்றான். அந்த ஆள் பேச்சை நிறுத்திவிட்டார். குமார் திரும்பி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான்.

கவுண்டரில் டாக்டர் ஞானசேகரம் நின்றிருந்தார். அவரும் கேட்டார். ஒரு இளைஞனுக்கு மருந்து எழுதிக் கொடுக்கப் போனவர் பேனாவை நிறுத்தி, "தம்பி, வேற டாக்டர் குடுக்கிற மருந்து ஏதும் எடுக்கிறீரோ? இருந்தா சொல்லும், நான் அவரோட கதைக்க வேணும்," என்றார்.

தாப்பா அம்மா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓர் இருக்கை தள்ளி வந்து, மகேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனாலும் கேட்டார்:

"எம்மவளுக்கு ஒன்னும் பிடிக்க மாட்டேங்குதும்மா. அந்த மாத்திரை குடுக்கற டாக்டரப் பாக்க எங்க போகணும்?"